தேரின் எண்ணெய் முழுக்கு

தேரைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு மோட்டார் வண்டியைப் பார்த்தபோதுதான் உண்டாயிற்று. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பாதை 14 கிலோமீட்டர். பாதி தூரம் போவதற்குள் என் கால்கள் சண்டித்தனம் செய்யத் தொடங்கிவிட்டன. உட்காருவதற்கு ஒரு புளியமர நிழலைத் தேடிப் போனால், அங்கே எனக்கு முன்பே ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது. வீடு என்றா சொன்னேன்? வீடுதான், ஆனால் அதற்கு ஆறு சக்கரங்கள் இருந்தன. சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளே அடங்கிய பெரிய வெள்ளை வண்டி. ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தவராம் அதன் சொந்தக்காரர். அறுபது வயதிருக்கும். அரைக்கால் சட்டையுடன் ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்று, வண்டியின் வெளிப்புறத்துக்கு மெழுகு தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மனிதர் பேச்சில் பிரியமுள்ளவர். நான் நின்று பார்ப்பதைக் கண்டதும் தம் வித்தையை விளக்க ஆரம்பித்துவிட்டார். வண்டியின் உடம்பு கண்ணாடி இழையால் ஆனது. அதன்மேல் பிசின் பூச்சு ஒன்று உண்டு. வெயிலில் கிடக்கக் கிடக்க அந்தப் பூச்சு வெளுத்து, விரலால் தொட்டால் சுண்ணாம்புச் சுவரைப்போல ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் சவுக்காரத் தண்ணீரால் கழுவவேண்டும். உலர்ந்த பிறகு, மங்கிப்போன மேல்தோலை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் மெழுகு. அதையும் நிழலில், இரண்டு முழம் இரண்டு முழமாக, மெல்லிசாகத் தடவவேண்டும். வெயிலில் தடவினால் திட்டுத் திட்டாகக் காய்ந்துபோகும். பிரேஸில் நாட்டில் ஒருவகைப் பனை இருக்கிறது. தன் ஓலை காய்ந்துவிடாமல் காப்பாற்றிக்கொள்ள அது சுரக்கும் மெழுகைத்தான் மனிதன் சுரண்டி எடுத்து வண்டிக்குப் பூசுகிறான். நம் வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளுகிறதே, அதே தந்திரம்தான்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? வண்டி ஓடினால் போதாதா?" என்று கேட்டேன்.

"வெயிலும் மழையும் ஒரு நாளாவது சும்மா இருக்கின்றனவா? நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?" என்றார் அவர்.

அன்று என்னோடு கூட ஒரு பெரியவர் வந்திருந்தார். தச்சு ஆசாரி. சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களில் தேர் வேலை செய்தே தலை நரைத்தவர். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் வெள்ளைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நம்ம சாமி வண்டிக்கும் இதே வேலைதான் சார். என்ன, நம்ம வண்டி கொஞ்சம் பெரிசு" என்றார்.

கொஞ்சமா பெரிசு! கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று அண்ணாமலையார் கோயிலின் பெரிய தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது ஏறத்தாழ 59 அடி உயரம். எடை 200 டன் என்று பத்திரிகைகள் எழுதும். அன்று ஓடுவது அது ஒன்று மட்டும் அல்ல. முன்னே விநாயகர் தேர், அடுத்து முருகன் தேர், நடுவில் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் ஏறிய பெரிய தேர், பிறகு பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், கடைசியில் சிறுவர் சிறுமியர் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். ஐந்தும் மாட வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருவதற்குள் காலை போய் இரவு வந்துவிடும்.

அந்த ஒரு நாள் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் யோசித்தது மற்ற 364 நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் தேர் என்ன செய்கிறது? நிற்கிறது. நின்றுகொண்டு வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்கிறது. அக்கினி நட்சத்திர வெயில், ஆடிக் காற்றில் வரும் புழுதி, ஐப்பசி அடைமழை என்று எல்லாம் அதன்மேல்தான்.

தேரின் உயரத்தில் பெரும்பகுதி ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுவது. மூங்கிலும் வாரையும் கட்டி, சீலை போர்த்தி, தொம்பைகளைத் தொங்கவிட்டு, உச்சியில் கலசம் வைத்து, விழா முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். நிலையாக நிற்பது கீழே இருக்கும் மர அடுக்குகள்தாம். அச்சுக்கு மேலே தட்டுத் தட்டாக விரிந்துகொண்டே போகும் அந்தப் பகுதியில்தான் தச்சர்கள் தங்கள் உயிரைக் கொட்டியிருக்கிறார்கள். யாளியும், குதிரை வீரனும், தேவர்களும், முனிவர்களும், ஊர்ச் சனங்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆக, எது மிகவும் நுட்பமானதோ அதுதான் ஆண்டு முழுவதும் வெளியே நிற்கிறது!

மரத்துக்கு வெயில் செய்யும் தீங்கு என்ன என்பதை இன்றைய விஞ்ஞானம் தெளிவாகச் சொல்கிறது. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான நார். பிறகு ஈரம் வெடிப்புக்குள் இறங்குகிறது. மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் தங்கிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பூஞ்சை மென்மையாக்கி வைத்ததைக் கறையானும் வண்டும் வந்து சாப்பிடுகின்றன. ஒரு முகத்தைச் செதுக்கச் சிற்பிக்குப் பத்து நாள் ஆகியிருக்கும். பத்து மழைக்காலத்தில் மூக்கும் உதடும் மறைந்துவிடும்.

இதற்கு நம்முடைய முன்னோர் கண்டுபிடித்த பரிகாரங்களில் முதலாவது, சரியான மரம். தேருக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு என்று தேடித் தேடி எடுத்தார்கள். இதில் இலுப்பையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் விதையிலிருந்து பிழிந்த எண்ணெய் கோயிலில் விளக்கெரித்தது. அதன் பூ, ஆலையில்லாத ஊருக்குச் சர்க்கரையாயிற்று. அதன் உடம்பு தேராயிற்று. திருவண்ணாமலைக் கோயிலுக்குள்ளேயே ஓர் இலுப்பை மரம் இருந்தது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் அவனை ரமண மகரிஷி என்று அறிந்தது. அந்த முதல் மாதங்களில் அவன் தன்னை மறந்து உட்கார்ந்திருந்த இடங்களில் ஒன்று, வாகன மண்டபத்தை அடுத்த அந்த இலுப்பை மரத்தடி. சில சமயம் மண்டபத்துக்குள் வாகனங்களுக்கு நடுவிலேயே கிடப்பானாம். மரம் உயிரோடு நின்றபோதும், வாகனமாக மாறிய பின்பும் அவனுக்கு நிழல் கொடுத்தது.

இரண்டாவது பரிகாரம், எண்ணெய். ஆசாரி இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மடை திறந்ததுபோல்தான்.

"எல்லா எண்ணெயும் ஒண்ணு இல்லே சார். வேப்பெண்ணெய் பூச்சியைத் தடுக்கும், ஆனா காயாது. காயாத எண்ணெயிலே புழுதி ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் காயும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் மரத்தைக் கல்லாக்கும். ஆனா கையிலே பட்டா தோல் கொப்பளிச்சுப் போயிடும். எதை எங்கே போடறதுன்னு கைக்குத் தெரியணும்."

அவர் அனுபவத்தில் சொன்னது ரசாயனப்படியும் சரியே. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, மெல்லத் தோல்போல இறுகுகிறது. வேப்பெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் அப்படி இறுகுவதில்லை. கடற்கரையில் படகுக்காரர்கள் புன்னை எண்ணெயையும், போர்த்துக்கீசியரால் இந்தியாவுக்கு வந்த முந்திரியின் ஓட்டு எண்ணெயையும் பூசுவதும் இதே நீதிப்படிதான். தண்ணீரில் போகிறவனுக்கும் தேர் ஓட்டுகிறவனுக்கும் ஈரம் பொதுவான சத்துரு.

வேலை முறையும் வெள்ளைக்காரர் சொன்னது போலவேதான். முதலில் பழைய புழுதியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துலக்கவேண்டும். யாளியின் வாயில் குருவி கட்டிய கூட்டை எடுக்கவேண்டும். நன்றாகக் காயவிட்டு, வெடிப்புகளை அடைத்து, பிறகு துணியில் எண்ணெய் தோய்த்து மெல்லிசாகத் தேய்க்கவேண்டும். குடிக்கிற மட்டும் குடிக்கட்டும் என்று விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடவேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது, விரித்துக் காயப்போடவேண்டும். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். நெருப்பைப் பற்றிய இந்த எச்சரிக்கை சாதாரணமானது அல்ல. தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிதான திருவாரூர் ஆழித்தேர் 1926இல் தீப்பற்றி எரிந்துபோயிற்று. 1930இல் புதுத்தேர் செய்து ஓட்டினார்கள்.

சரி, எண்ணெய்க்குப் பதிலாகப் பளபளவென்று பெயிண்டை அடித்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். ஆசாரி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கதை சொன்னார். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சின்ன ஊரில் தேருக்கு எண்ணெய் பூசுவதை நிறுத்திவிட்டு, திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். பச்சை, சிவப்பு, தங்க நிறம். பார்த்தவர்கள் எல்லோரும் புதுத்தேர் போல இருக்கிறது என்று புகழ்ந்தார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பக்கத்துப் பலகை லேசாக உப்பியிருப்பதைக் கண்டு இவரைக் கூப்பிட்டார்கள். இவர் உளியால் தட்டினார். உளி முழுவதும் உள்ளே போய்விட்டது.

"மேலே தேவர்கள் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க சார். உள்ளே மாவு. அந்தத் தேரிலேதான் அதுக்கு முந்தின வருஷம் அர்ச்சகரும் பிள்ளைங்களும் ஏறிக்கிட்டு வீதி சுத்தினாங்க. நினைச்சா இப்பவும் உடம்பு நடுங்குது."

மரம் மூச்சு விடும் பொருள். மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். பெயிண்ட் அதனோடு சேர்ந்து விரிந்து சுருங்குவதில்லை, மயிரிழையாக வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகும் தண்ணீரை, அதே பெயிண்ட் வெளியே வரவிடாமல் மூடிக்கொள்கிறது. காக்க வந்த போர்வையே கொல்கிறது. எண்ணெய் அப்படியல்ல, ஓர் ஆண்டில் வலுவிழந்துவிடும், மறுபடியும் பூசியாகவேண்டும். எண்ணெயின் குறை என்று நாம் நினைப்பது இதுதான். ஆனால் மறுபடியும் பூசவேண்டியிருப்பதால்தான் ஆண்டுக்கொரு முறை ஒரு மனிதன் தேரின் ஒவ்வொரு அங்குலத்தையும் கையால் தொட்டுப் பார்க்கிறான். உப்பிய பலகையும் தளர்ந்த முளையும் அவன் கைக்குத் தெரிந்துவிடுகின்றன. உண்மையில் தேரைக் காப்பது அந்தக் கைதான். எண்ணெய், கையைத் தேரிடம் அழைத்து வரும் ஒரு சாக்கு.

காலத்தை வெல்ல நம் நாட்டில் மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து ரதங்கள் செய்தார்கள். அவற்றுக்கு எண்ணெய் வேண்டாம், மெழுகு வேண்டாம். ஆனால் அவை ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. ஒடிசாவில் புரி ஜகந்நாதருக்கு ஆண்டுதோறும் புது மரம் வெட்டிப் புதுத்தேர் செய்கிறார்கள். மூன்று தேர்கள், ஜகந்நாதரின் தேருக்கு மட்டும் 16 சக்கரங்கள். விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். பழசானால்தானே பாதுகாக்க வேண்டும்? மூன்றாவது வழி நம்முடையது. மரத்தில் செய்வது, அதை ஓட்டுவது, ஓடுவதால் தேய்வதைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுத் தலைமுறைகளைக் கடத்துவது. மூன்றில் இதுவே கடினமானது. மற்ற இரண்டுக்கும் ஒரு முறை உழைத்தால் போதும், அல்லது ஒரு பருவம் உழைத்தால் போதும். இதற்கு மட்டும் ஒரு தலைமுறை தூங்கினாலும் முதலுக்கே மோசம்.

தூங்கிய தலைமுறைகளும் உண்டு. 1817இல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியார் கோயில் சொத்துக்களின் மேற்பார்வையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தேர் இழுக்க ஆள் பிடித்து வருவதும் சர்க்கார் சிப்பந்திகளின் வேலையாயிற்று. விருப்பமில்லாத குடியானவனை வயலிலிருந்து அழைத்து வந்து வடத்தில் நிறுத்தினார்கள். கிறிஸ்துவ அரசாங்கம் இப்படிக் கோயில் காரியங்களில் ஈடுபடலாமா என்று பாதிரிமார்கள் கிளர்ச்சி செய்தார்கள். சென்னைப் படைத்தலைவராக இருந்த ஸர் பெரிக்ரின் மெயிட்லண்ட் இந்த விஷயத்திலேயே 1838இல் பதவியை விட்டு விலகினார். பிறகு கம்பெனி மெல்லக் கையை உதறிக்கொண்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சர்க்காரின் தொடர்பு பெரும்பாலும் தீர்ந்தது. ஆள் பிடிக்கும் கொடுமை ஒழிந்தது நல்லதே. ஆனால் தேரின் பொறுப்பு ஊரைச் சேர்ந்தது என்ற உணர்ச்சி எங்கே மிஞ்சியிருந்ததோ, அங்கே மட்டும்தான் தேருக்கும் நல்ல காலம் இருந்தது.

மற்ற இடங்களில் தேர் நிலையிலேயே நின்றது. திருவாரூர்த் தேர் 1948க்குப் பிறகு ஓடவில்லை. 1970இல்தான் மறுபடியும் ஓடிற்று. திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் செய்த இரும்பு அச்சும் பிரேக்கும் அதற்கு வந்து சேர்ந்தன. தஞ்சைப் பெரிய கோயிலிலோ பழைய தேரே இல்லாமல் போய், ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின் 2015இல் புதுத்தேர் செய்து ஓட்டினார்கள். இன்னும் எத்தனையோ ஊர்களில் நின்று போன தேர்களின் பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, லண்டன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கே அவற்றுக்கு வெயில் இல்லை, மழை இல்லை, கறையான் இல்லை. வடமும் இல்லை.

பாதுகாப்பது என்றால் என்ன என்ற கேள்வி திருவண்ணாமலைக்கு நேராகவே ஒரு முறை வந்தது. 2002இல் மத்தியத் தொல்பொருள் துறை இந்தக் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக எடுத்துக்கொள்ள அறிவிப்புச் செய்தபோது, ஊர் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். 2004இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நல்ல எண்ணத்தோடு செய்வதை ஏன் எதிர்த்தார்கள் என்று அப்போது சிலர் ஆச்சரியப்பட்டார்கள். சின்னத்தை யாரும் தொடக் கூடாது. கோயிலை எல்லோரும் தொடவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் தொடும் உரிமையைக் கேட்டு வாங்கியவர்களுக்குத் துடைக்கும் கடமையும் உண்டு என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

2020இலும் 2021இலும் கொரோனாக் கொள்ளைநோயின் காரணமாக மாட வீதிகளில் தேர் ஓடவில்லை. 2022 டிசம்பரில் மீண்டும் வடம் பிடித்தபோது, கூட்டத்தில் நின்ற பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். 2024இல் பெரிய தேரைச் செப்பனிட்டு நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். அடுத்த மாதமே, டிசம்பர் 1ஆம் தேதி, புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். ஊரே துக்கத்தில் இருந்தது. ஆயினும் அடுத்த சில நாட்களில் தேர் ஓடிற்று. 13ஆம் தேதி மலைமேல் தீபமும் எரிந்தது. 2,668 அடி உயரமுள்ள மலையே கரைந்து இறங்கிய மழையில் அந்த மரமும் நனைந்து நின்றது என்பதை அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

இப்போது பல ஊர்களில் தேரைத் தகரத்தாலோ கண்ணாடி இழைத் தகட்டாலோ மூடி வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஆசாரி அதிலும் ஒரு நிபந்தனை வைக்கிறார்: காற்றோட்டம் வேண்டும், கூரையின் இணைப்பில் ஒழுகக் கூடாது, மூடிவிட்டோம் என்று யாரும் மறந்துவிடக் கூடாது. வெள்ளைக்காரரும் தம் வண்டியைப் பற்றி இதையேதான் சொன்னார். மினுமினுப்பெல்லாம் பிற்பாடு, மேல் கூரையின் இணைப்புக்களை முதலில் பார்க்கவேண்டுமாம்.

மறுநாள் காலை நானும் ஆசாரியும் கிழக்கு ராஜகோபுரத்தின் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். 217 அடிக் கோபுரத்தை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர் நிற்கும் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆசாரி மட்டும் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்களுக்குப் பிறகு இந்த வேலைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"பையன் சென்னையிலே கண்ணாடிக் கதவு போடறான். நல்ல சம்பளம்" என்றார். சிறிது தூரம் நடந்த பிறகு, "பேரன் லீவுக்கு வரான் சார். போன தடவை வந்தப்போ வீட்டு நிலைப்படிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். துணியைச் சுருட்டிப் போடாம விரிச்சுக் காயப் போட்டான். யாரும் சொல்லலே" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைத் தேரோட்டத்தன்றுகூட நான் கண்டதில்லை.